குர்ட் வாலண்டருடன் பதின்மூன்று வருடம்

2012-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் 60 ரூபாய்க்கு வாங்கிய புத்தகம். அட்டையின் ஒரு மூலையை எலி கடித்திருந்தது. மதுரை போகும் ரயிலில் படித்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். இன்றைக்கு அதே வரிசைப் புத்தகங்கள் பன்னிரண்டு என் அலமாரியில் ஒரு தட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தாயிற்று. மிக்ஸிக்கும் செல்போனுக்கும் நீண்டகால அனுபவம் எழுதுகிறார்கள். இத்தனை வருடம் கூடவே இருந்த ஒரு போலீஸ்காரருக்கும் எழுதலாம்.

ஸ்வீடன் எழுத்தாளர் ஹென்னிங் மான்கெல் உருவாக்கிய குர்ட் வாலண்டர்தான் அவர். ஸ்வீடனின் தென்கோடியில், ஸ்கோனெ பகுதியில், போலந்துக்குக் கப்பல் போகிற இஸ்டாட் என்ற சிறு துறைமுக ஊரில் துப்பறியும் அதிகாரி. முதல் நாவலான 'ஃபேஸ்லெஸ் கில்லர்ஸ்' ஸ்வீடிஷ் மொழியில் 1991-ல் வந்தது. பனி உறைந்த ஒரு ஜனவரி விடியற்காலையில், வயதான விவசாயத் தம்பதி பண்ணை வீட்டில் கொடூரமாகத் தாக்கப்பட்டுக் கிடக்கிறார்கள். கணவர் அங்கேயே இறந்துவிட, மருத்துவமனையில் சாகும் முன் மனைவி உச்சரிக்கும் கடைசிச் சொல் 'வெளிநாட்டு' என்பது. அந்தச் சொல் வெளியே கசிந்ததும் ஊரில் உள்ள அகதிகள் மேல் வெறுப்பு பாய்கிறது. கொன்றவர்கள் போகும்போது லாயத்துக் குதிரைக்குத் தீனி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முதல் வாசிப்பில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது அந்தக் குதிரைதான். இவ்வளவு குரூரம் செய்தவன் எதற்காக வைக்கோல் அள்ளிப் போட்டான்?

மான்கெல் ஆப்பிரிக்காவிலும் ஸ்வீடனிலுமாக மாறி மாறி வாழ்ந்தவர். மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் ஒரு நாடகக் குழுவைப் பல ஆண்டுகள் நடத்தினார். 1990 வாக்கில் ஊர் திரும்பியபோது அங்கே வளர்ந்துவிட்ட அந்நியர் வெறுப்பைக் கண்டு, அதை எழுத ஒரு போலீஸ்காரர் தேவை என்று வாலண்டரைப் படைத்தார். பெயரைத் தொலைபேசி டைரக்டரியில் தேடிப் பிடித்தாராம். இந்த வரிசை முழுவதற்கும் ஸ்வீடனின் கவலை பற்றிய நாவல்கள் என்று பெயர் வைத்திருக்கலாம் எனப் பின்னாளில் எழுதினார். முதல் வாசிப்பில் நான் இதையெல்லாம் கவனிக்கவில்லை. கொலைகாரன் யார் என்ற ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

கவலை பிடித்த துப்பறிவாளர் ஒன்றும் புதிது கிடையாது. குடிப்பார், மனைவி பிரிந்திருப்பார், இரவில் தூங்க மாட்டார். பல கதைகளில் இதெல்லாம் மேலே தூவிய கொத்தமல்லிதான். எடுத்துப் போட்டாலும் குழம்பின் ருசி மாறாது. வாலண்டரிடம் அப்படி எடுக்க முடியாது. மனைவி மோனா விட்டுப் போய்விட்டாள். மகள் லிண்டா பதினைந்து வயதில் தற்கொலைக்கு முயன்றவள், எங்கே இருக்கிறாள் என்பதே பல நாள் தெரியாது. முதல் நாவலிலேயே குடித்துவிட்டு வண்டி ஓட்டி, தன் கீழே வேலை செய்யும் போலீஸ்காரர்களிடமே மாட்டிக்கொள்கிறார். அவர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்த அவமானம் புத்தகம் முழுக்கக் கூடவே வருகிறது.

ஆனால் இரண்டாம் வாசிப்பில் எனக்கு ஒட்டிக்கொண்டது இந்தப் பெரிய துயரங்கள் இல்லை. துணி துவைப்பதுதான்! அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எல்லா வீட்டுக்கும் பொதுவாகக் கீழே ஒரு சலவை அறை இருக்கும். தாளில் பெயர் எழுதி நேரம் பிடிக்க வேண்டும். வாலண்டர் எழுத மறந்துவிடுவார், அல்லது எழுதிவிட்டுப் போக மறந்துவிடுவார். அழுக்குத் துணி தரையில் குவியும். மண்டையோட்டுத் தோலை உரித்தெடுக்கும் கொலைகாரனைத் தேடிக்கொண்டிருக்கும் மனுஷனுக்கு நாளைக்குப் போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை. என் மனைவி மாற்றலாகி ஒன்றரை வருடம் திருநெல்வேலியில் இருந்தபோது நானும் அந்தக் குவியலைப் பார்த்திருக்கிறேன்.

அப்பா கதையைச் சொல்லியாக வேண்டும். ஊருக்கு வெளியே லோடெரூப்பில் தனியாக வசிக்கும் ஓவியர். வாழ்நாள் முழுக்க ஒரே படத்தைத்தான் வரைகிறார்: காடு, அந்தி வெயில். வேறுபாடு ஒன்றே ஒன்று, சில படங்களில் ஒரு காட்டுக்கோழி இருக்கும், சிலவற்றில் இருக்காது. மகன் போலீஸில் சேர்ந்ததை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. இருவரும் சந்தித்தால் பத்து நிமிடத்தில் சண்டை. முதல் நாவலில் அவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இரவு உடையோடு சேற்று வயலில் நடந்து போகிறார். எங்கே போகிறீர்கள் என்றால், இத்தாலிக்கு என்கிறார். நினைவு தப்ப ஆரம்பித்துவிட்டது. வாலண்டருக்கு அழுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. எனக்கும்தான்.

இதற்குப் பிறகு நான்கு புத்தகம் தள்ளி, ஆறாவதான 'ஃபிஃப்த் வுமன்' தொடங்கும்போது அப்பாவும் மகனும் ரோமிலிருந்து திரும்பியிருக்கிறார்கள். ஒரு வாரம் சண்டையே இல்லாமல் ஊர் சுற்றியிருக்கிறார்கள். ஒரு நாள் இரவு அப்பா மட்டும் விடுதியிலிருந்து நழுவி வெளியே போகிறார். மகன் அவருக்குத் தெரியாமல் பின்தொடர்கிறான். கடைசிவரை அதை அவரிடம் சொல்வதில்லை. ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் அப்பா இறந்துபோகிறார். வாலண்டர் அழுது முடிப்பதற்குள் அடுத்த பிணம் வந்துவிடுகிறது. மான்கெல் இந்த ரோம் பயணத்துக்குச் செலவிட்ட பக்கங்கள் மிகக் குறைவு. அந்தப் புத்தகத்தின் கொலைகள் எனக்கு இப்போது மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. அந்த இரவு நடை அப்படியே இருக்கிறது.

அடுத்து வருவது 'ஒன் ஸ்டெப் பிஹைண்ட்', 1997. இதைச் சிறந்தது என்பேன். கோடை நள்ளிரவு விருந்துக்காகக் காட்டில் கூடிய மூன்று இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். இன்னொரு பக்கம் சக அதிகாரி ஸ்வெட்பெர்க் கூட்டத்துக்கு வரவில்லை. நேரம் தவறாத ஆள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சுடப்பட்டுக் கிடக்கிறார். இத்தனை வருடம் பக்கத்து மேசையில் இருந்தவரைப் பற்றித் தனக்கு எதுவுமே தெரியாது என்பது வாலண்டருக்கு அப்போதுதான் உறைக்கிறது. ஸ்வெட்பெர்க்கோ இவரைத்தான் நெருங்கிய நண்பராக நினைத்திருக்கிறார். இது படித்த மறுநாள் அலுவலகத்தில் என் எதிர் மேசைக்காரரிடம் உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதே நாவலில்தான் வாலண்டருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிகிறது. தீராத தாகம், இரவில் நான்கு முறை எழுந்திருப்பது, வண்டி ஓட்டும்போதே கண் சொருகுவது. முதலில் யாரிடமும் சொல்வதில்லை, வெட்கம். இப்படி வாழ்கிற மனிதருக்கு என்ன வியாதி வரும் என்று ஒரு டாக்டரிடம் கேட்டுத்தான் மான்கெல் இதை எழுதினாராம். நான் இந்தப் பக்கங்களை 2014-ல் வாசித்தேன். அதே மூன்று அறிகுறிகளும் எனக்கு வந்தபோது 2018. வெயில் என்று நினைத்துக்கொண்டு ஐந்து மாதம் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனையில் 280 வந்த அன்று அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், அந்த அறிகுறிகளுக்குக் கீழே என் பென்சில் கோடு இருக்கிறது.

குறைகளும் உண்டு. வாலண்டரின் நாவல்கள் நடுவில் தொய்யும். விசாரணைக் கூட்டம், காபி, மறுபடி கூட்டம், இதுவரை தெரிந்தவற்றின் சுருக்கம், மறுபடி காபி. யாரோ சொன்ன ஏதோ ஒன்று மனசில் உறுத்துகிறது, என்னவென்று பிடிபடவில்லை என்ற வரி வராத புத்தகமே கிடையாது. மூன்றாம் வாசிப்புக்கு நிச்சயம் எரிச்சலாகும். 'ஒயிட் லயனஸ்' பாதிக் கதை தென்னாப்பிரிக்காவில், மண்டேலாவைக் கொல்லும் சதியில் ஓடுகிறது. எழுத்தாளரின் அக்கறை புரிகிறது, ஆனால் இஸ்டாட்டை விட்டு வெளியே போனால் வாலண்டருக்குக் கால் தரையில் பாவுவதில்லை. லாட்வியாவில் நடக்கும் 'டாக்ஸ் ஆஃப் ரீகா'வும் அப்படியே. ஆனாலும் பைபா என்ற பெண்ணை அவர் சந்திப்பது அதில்தான், எனவே தாண்டிப் போக வேண்டாம்.

புதிதாக வாங்குபவர்கள் வரிசை பார்த்து வாங்குங்கள். ஆங்கிலத்தில் இவை வரிசைப்படி வரவில்லை. ஐந்தாவதான 'சைட்டிராக்ட்' 1999-லேயே வந்துவிட, இரண்டாவது 2001-லும் நான்காவது 2005-லும்தான் வந்தன. நான் கிடைத்ததைக் கிடைத்தபடி வாங்கியதால், ஒரு புத்தகத்தில் அப்பாவைப் புதைத்துவிட்டு அடுத்ததில் அவரோடு சண்டை போட்டேன். மூன்று மொழிபெயர்ப்பாளர்கள் மாறி மாறி உழைத்திருக்கிறார்கள். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

திரையில் வாலண்டராக நடித்தவர்களில் மூன்று பேர் முக்கியம். ரோல்ஃப் லாஸ்கோர்ட் உடம்பும் மூச்சுவாங்கலும் புத்தகத்து ஆளேதான். க்ரிஸ்டர் ஹென்ரிக்ஸன் அடங்கிய நடிப்பு, ஆனால் அவர் தொடரில் பெரும்பாலானவை மான்கெல் நாவல்கள் இல்லை, புதிதாக எழுதியவை. அதில் லிண்டாவாக நடித்த யுஹானா செல்ஸ்ட்ரோம் 2007-ல், 32 வயதில் இறந்தார். லிண்டாவை வைத்து எழுத நினைத்திருந்த அடுத்த நாவல்களை மான்கெல் அத்தோடு கைவிட்டார். 2008-ல் தொடங்கிய பிபிசி தொடரில் கென்னத் பிரானா. இஸ்டாட்டிலேயே படம் பிடித்தது, மஞ்சள் வயல்கள் கண்ணைப் பறிக்கும். மனுஷன் எந்நேரமும் அழுதுவிடுவார் போலவே இருப்பதுதான் சிக்கல்.

2009-ல் வந்த, வாலண்டர் கதையை முடித்துவைக்கும் 'டிரபிள்ட் மேன்' ஒன்றைத்தான் நான் ஒரே தடவை படித்தேன். அறுபதை எட்டிய வாலண்டர் கிராமத்தில் வீடு வாங்கி நாய் வளர்க்கிறார், பேத்தி பிறந்திருக்கிறாள். மனுஷன் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டார் என்று நினைக்கும்போதே உணவகத்தில் துப்பாக்கியை மறந்து வைத்துவிட்டு வருகிறார். குடியால் வந்த மறதி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அப்போதே அந்த வயல், அந்தப் பெட்டி, அந்த இரவு உடையை நினைத்துக்கொண்டேன். என் மாதநாவல் காலத்துத் துப்பறிவாளர்கள் யாருக்கும் வயதே ஆனதில்லை. இவருக்கு ஆகிறது, அப்பாவுக்கு ஆனது போலவே. கடைசிப் பத்தியில் மான்கெல் கதவைச் சாத்துவது அவ்வளவு சுருக்கமாக இருக்கிறது. 2015-ல் அவரும் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்தபோது எலி கடித்த அந்த முதல் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினேன். பத்து நாளில் போன்.

"மாமா, கொலை பண்ணது யாருன்னு தெரிஞ்சிருச்சு. அது பரவால்ல. அந்தப் பெரியவர் இத்தாலி போனாரா இல்லையா?"

"அதுக்கு ஆறாவது வரைக்கும் படிக்கணும்டா."

"ஆறா? சரி, ரெண்டாவத அனுப்புங்க."

கூரியரில் போட்டுவிட்டேன்.