அரை மில்லிகிராம் சாட்சி: மரி லாஃபார்ஜ் வழக்கைச் சொல்லும் ஒலித்தொடர்

நான் மாதச் சந்தா கட்டிக் கேட்டுவரும் ஒலிச்செயலி ஒன்றில், கணவனுக்கு நஞ்சு கொடுத்துக் கொன்றதாக 1840ஆம் ஆண்டில் பிரான்சில் தண்டிக்கப்பட்ட மரி லாஃபார்ஜின் வழக்கு, எட்டுப் பகுதிகள் கொண்ட தமிழ்த் தொடராக வெளிவந்திருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் ஆசிரியையாக இருந்தவள் என்பதால், அந்தப் பெயரைப் பார்த்ததுமே எனக்கு, ஆர்செனிக் என்ற நஞ்சைக் கண்டறியும் மார்ஷ் சோதனைதான் நினைவுக்கு வந்தது. அதற்காகவே கேட்கத் தொடங்கினேன். முழுத் தொடரையும் இரண்டு முறை கேட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஐந்தாம், ஆறாம் பகுதிகளுக்காகவே கட்டிய சந்தா தகும். எட்டாம் பகுதியோ, கேட்பவர் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்றைச் சொல்லாமலேயே முடிந்துவிடுகிறது. இவ்வளவு உழைத்தவர்கள் அந்த இடத்தில் கைவிட்டது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

முதல் இரண்டு பகுதிகள் நிதானமாகச் செல்கின்றன. பாரிசில் உறவினர் ஆதரவில் வளர்ந்த, தாய் தந்தையரை இழந்த மரி கப்பெல், தரகர் மூலம் வந்த வரனாகிய ஷார்ல் லாஃபார்ஜை 1839 ஆகஸ்டில் மணக்கிறாள். இரும்பு உருக்காலையும் பழைய மடாலயத்தையொட்டிய பெரிய மாளிகையும் கொண்ட செல்வந்தர் என்று நம்பி, கோரெஸ் மாவட்டத்திலுள்ள லெ க்ளாந்தியேவுக்கு வந்து இறங்கியவள் காண்பது, எலிகள் ஓடும் பாழடைந்த வீட்டையும் கடனில் மூழ்கிய கணவனையும். வந்த அன்றிரவே அறையைத் தாழிட்டுக்கொண்டு, தன்னை விட்டுவிடாவிட்டால் ஆர்செனிக் தின்று இறப்பேன் என்று அவள் கணவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். பின்னாளில் அரசுத் தரப்பு அவளுக்கு எதிராகவே பயன்படுத்திய இக்கடிதத்தை, வாசிப்பவர் குரலை உயர்த்தாமல், அழுகையைக் கூட்டாமல் சொல்லியிருக்கும் விதம் பாராட்டத்தக்கது. ஆனால் பிரான்சில் 1816இல் மணமுறிவுச் சட்டம் நீக்கப்பட்டு 1884இல்தான் மீண்டும் வந்தது என்ற செய்தி, ஒரே ஒரு வாக்கியத்தில் கடந்துபோகிறது. இருபத்து மூன்று வயதில் ஏமாற்றப்பட்டு மணமான பெண்ணுக்குச் சட்டத்தில் வெளியேற வழியே இருக்கவில்லை என்பது அவள் செய்ததை நியாயப்படுத்தாது. என்றாலும் அதை விளங்கிக்கொள்ளாமல் இவ்வழக்கின் அடுத்த ஐந்து மாதங்களை ஒருவரால் விளங்கிக்கொள்ள முடியாது.

மூன்றாம், நான்காம் பகுதிகள் டிசம்பரில் பாரிசுக்குப் போயிருந்த ஷார்லுக்கு அனுப்பப்பட்ட கேக்கிலிருந்து தொடங்கி, 1840 ஜனவரி 14 அன்று அவர் இறக்கும் வரை செல்கின்றன. தொடர் முழுவதும் "ஆர்செனிக்" என்றும் "கொடிய விஷம்" என்றும் மாறிமாறிச் சொல்கிறார்கள். "எலிப்பாஷாணம்" என்ற சொல் ஒரே இடத்தில்தான் வருகிறது. அந்தச் சொல்லை முதலிலிருந்தே பயன்படுத்தியிருந்தால், உஸெர்ஷ் ஊரின் மருந்துக்கடைக்காரர் எலித்தொல்லை என்று எழுதிக் கேட்ட சீமாட்டிக்குச் சந்தேகமின்றி அதைக் கொடுத்தது ஏன் என்பது எவருக்கும் உடனே புரிந்திருக்கும். அந்த வீட்டில் எலிகளுக்காக வைத்த பசையைப் பின்னர் சோதித்தபோது, அதில் மாவும் சோடா உப்பும் இருந்தனவே அன்றிப் பாஷாணம் இருக்கவில்லை. வாங்கிய பாஷாணம் எங்கே போயிற்று என்ற கேள்வி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. தொடரும் இந்த இடத்தில் சரியாக நின்று, அவசரமின்றி அதைக் கேட்கிறது. வீட்டில் தங்கியிருந்த ஓவியப் பெண் ஆன்னா ப்ரான், மரி ஒரு சிறு பெட்டியிலிருந்து வெண்ணிறப் பொடியை எடுத்து நோயாளியின் பானத்தில் கலப்பதைக் கண்டு, மிச்சத்தை எடுத்து மறைத்து வைத்த நிகழ்ச்சியும் நன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

ஐந்தாம் பகுதிதான் தொடரின் உயிர். ஆர்செனிக் நஞ்சேறியவருக்கு வரும் வாந்தியும் பேதியும் காலராவின் குறிகளைப் போலவே இருப்பதால், நெடுங்காலம் மருத்துவர்களால் அதை உறுதியாகச் சொல்ல முடியாமல் இருந்தது. இங்கிலாந்தின் வூலிச் ஆயுதச்சாலையில் வேதியியலாளராக இருந்த ஜேம்ஸ் மார்ஷ், பேரன் தாத்தாவின் காப்பியில் பாஷாணம் கலந்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கொன்றில் மஞ்சள் நிற வீழ்படிவைச் சான்றாகத் தயாரித்தார். அது விசாரணைக்கு வருவதற்குள் கெட்டுப்போனதால், குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். அந்த மனக்குறையோடு உழைத்து 1836இல் அவர் வெளியிட்டதே மார்ஷ் சோதனை. துத்தநாகத்தையும் நீர்த்த கந்தக அமிலத்தையும் சேர்த்து ஹைட்ரஜனை உண்டாக்கி, அதனுடன் சோதிக்க வேண்டிய பொருளையும் சேர்த்தால், அதிலுள்ள ஆர்செனிக் ஆர்சீன் வாயுவாக மாறுகிறது; அவ்வாயுவை எரியவிட்டுக் குளிர்ந்த பீங்கானைச் சுடரில் காட்டினால், பளபளப்பான கரும்பழுப்புப் படலம் ஒன்று அதன்மேல் படிகிறது. இந்த வரிசையை ஒரு பிழையுமின்றி, ஆய்வகத்தையே பார்த்திராதவருக்கும் கண்முன் தெரியும்படி சொல்லியிருக்கிறார்கள். என் வகுப்பில் இதை இவ்வளவு தெளிவாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆன்டிமனியும் இதே போன்ற படலத்தைத் தரும் என்பதையும், சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலில் ஆர்செனிக் படலம் மட்டுமே கரையும் என்பதையும்கூட விட்டுவிடவில்லை.

ஆறாம் பகுதி 1840 செப்டம்பரில் தூல் நகர நீதிமன்றத்துக்குள் நம்மை உட்கார வைக்கிறது. முதலில் சோதித்த ப்ரீவ் நகர மருத்துவர்கள் பழைய முறையைக் கையாண்டதும், அவர்களுடைய குழாய் உடைந்துபோனதும், மரியின் வழக்கறிஞர் பையே அவர்களைக் குறுக்கு விசாரணையில் திணறடித்ததும் வரிசையாக வருகின்றன. நஞ்சியல் துறையின் பெரிய அறிஞராகிய ஒர்ஃபிலாவின் பெயரை அந்த மன்றத்தில் முதலில் துணைக்கு அழைத்தவர் பையேதான். பின்னர் லிமோஜ் நகர வேதியியலாளர்கள் மார்ஷ் முறையில் வயிற்றின் பகுதிகளைச் சோதித்து ஆர்செனிக் இல்லை என்கிறார்கள். புதைத்த உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்த பின்பும் இல்லை என்ற விடையே வருகிறது. ஆனால் வீட்டிலிருந்து கைப்பற்றிய பானத்தில் குறைந்தது பத்துப் பேரைக் கொல்லும் அளவு இருக்கிறது. இந்த முரணைத் தீர்க்க அரசுத் தரப்பு ஒர்ஃபிலாவையே பாரிசிலிருந்து வரவழைக்கும்போது, அவர் வேண்டாம் என்று சொல்லப் பையேவுக்கு வாய் இல்லை. இந்தத் திருப்பத்தைத் தொடர் அருமையாகக் கட்டியிருக்கிறது. செப்டம்பர் 14 அன்று ஒர்ஃபிலா, உடலில் ஆர்செனிக் இருக்கிறது, அது தாம் பயன்படுத்திய வேதிப்பொருள்களிலிருந்தோ கல்லறை மண்ணிலிருந்தோ வந்ததன்று என்று மன்றத்தில் கூறுகிறார். ஐந்து நாள் கழித்து, ஆயுள் முழுவதும் கடின உழைப்புத் தண்டனை என்று தீர்ப்பு வருகிறது.

ஏழாம் பகுதி, மரி தன் தோழியின் வைரங்களைத் திருடியதாக நடந்த தனி வழக்கைப் பற்றியது. அதைக் கேட்காமல் தாண்டினாலும் இழப்பில்லை.

என் மனக்குறை எட்டாம் பகுதியைப் பற்றியது. அது ஒர்ஃபிலாவை அறிவியலின் வெற்றி வீரராக நிறுத்தி, அரசர் லூயி பிலிப் கடின உழைப்பை நீக்கியது, மோன்பெலியே சிறை, 1852இல் விடுதலை, அதே ஆண்டில் மரணம் என்று விரைந்து முடித்துவிடுகிறது. ஒர்ஃபிலா கண்ட ஆர்செனிக்கின் அளவு ஏறக்குறைய அரை மில்லிகிராம்தான் என்பது தொடரில் எங்குமே வரவில்லை. பிரதிவாதித் தரப்பு அழைத்த வேதியியலாளர் ரஸ்பாய், தீர்ப்புக்குப் பிறகே தூல் வந்து சேர்ந்தார் என்பதும், நீதிபதி அமர்ந்த நாற்காலியிலிருந்துகூட இந்த அளவு ஆர்செனிக்கை எடுத்துக்காட்ட முடியும் என்று அவர் வாதிட்டார் என்பதும் வரவில்லை. துத்தநாகத்திலேயே சிறிதளவு ஆர்செனிக் கலந்திருப்பது வழக்கம். ஆகவே சோதிக்கும் பொருளைச் சேர்க்காமல் முதலில் வெற்றுச் சோதனை செய்து பார்க்க வேண்டும் என்பது எந்த ஆய்வகத்திலும் முதல் பாடம். ஒர்ஃபிலா அதைச் செய்தார். அதனால்தான் வேதிப்பொருளிலிருந்து வரவில்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. ஐந்தாம் பகுதியில் இவ்வளவு பொறுமையாகச் சோதனையை விளக்கியவர்கள், இதைச் சொல்லியிருந்தால் அவருடைய தகுதி கேட்பவருக்கு இன்னும் நன்றாகவே விளங்கியிருக்கும். மனித எலும்பில் இயல்பாகவே ஆர்செனிக் உண்டு என்று ஒர்ஃபிலாவே அதுவரை கருதிவந்தார், பின்னரே அக்கருத்தைக் கைவிட்டார் என்பதையும் சேர்த்திருக்க வேண்டும்.

மரி குற்றவாளியா என்று கேட்டால், ஆம் என்றே நானும் சொல்வேன். ஆனால் அந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தவை பானத்தில் இருந்த ஏராளமான பாஷாணமும், எலிப்பசையில் அது இல்லாமற்போனதும், ஆன்னா ப்ரான் கண்ணால் கண்டதும்தான். உடலிலிருந்து எடுத்த அரை மில்லிகிராமை மட்டும் வைத்துக்கொண்டு ஒருத்தியை ஆயுள் முழுவதும் அடைக்க என் மனம் ஒப்பாது. தொடரோ பீங்கானில் படிந்த அந்தப் படலத்தையே முழுத் தீர்ப்பாகக் காட்டுகிறது. ஆய்வக அறிக்கை வந்துவிட்டால் வேறு கேள்வியே தேவையில்லை என்று எண்ணும் இளைஞர்கள் பலர் இதைக் கேட்கப் போகிறார்கள் என்பதால் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மற்றவை சிறியவை. பிரெஞ்சுப் பெயர்களின் உச்சரிப்பு பகுதிக்குப் பகுதி மாறுகிறது. சோதனை விளக்கத்தின்போது பின்னணி இசை ஓயாமல் ஒலிப்பது கவனத்தைக் கலைக்கிறது. வயதானவர்கள் காதொலிப்பான் (ஹெட்ஃபோன்) வைத்துக் கேட்பதே நல்லது. முகப்புப் படத்தில் "கொலைகார மனைவி" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருப்பது, உள்ளே இருக்கும் நிதானமான உழைப்புக்குச் செய்த அநீதி.

பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஐந்தாம் பகுதியை அவர்களோடு சேர்ந்து கேளுங்கள். எட்டாம் பகுதியில் வெற்றுச் சோதனையையும் ரஸ்பாயின் வாதத்தையும் பத்து நிமிடமாவது சேர்த்து மறுபதிவு செய்யும்படி தயாரிப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். அப்படிச் செய்தால் இத்தொடரை எந்தத் தயக்கமும் இல்லாமல் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்.