விகன் டெஸ்கோ: 97 வருடம் ரக்பி ஆடிய மண்ணில் மளிகை வாங்கப் போனேன்

கடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் விகன் ஊரில் சென்ட்ரல் பார்க் வே என்ற சாலையில் இருக்கும் டெஸ்கோ எக்ஸ்ட்ரா நல்ல பெரிய கடை. காரை நிறுத்தத் தாராளமாக இடம் உண்டு, காய்கறியிலிருந்து துணிமணி வரை ஒரே கூரையின் கீழ் வாங்கிக்கொண்டு வரலாம், கார் இல்லாதவர்கள் ரயில் நிலையத்திலிருந்து டவுன் வழியாக நடந்தே போய்விடலாம். வாரத்துக்கு வேண்டிய சாமானை ஒரே நடையில் முடிக்க நினைப்பவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன், போங்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்தச் சாலையின் பெயரால். சென்ட்ரல் பார்க் என்பது பூங்கா இல்லை. விகன் ரக்பி லீக் கிளப்பின் மைதானம் அது. 1902 செப்டம்பர் 6 அன்று பேட்லி அணியோடு முதல் ஆட்டம், 1999 செப்டம்பர் 5 அன்று செயின்ட் ஹெலன்ஸ் அணியோடு கடைசி ஆட்டம். இரண்டிலும் விகனே ஜெயித்தது. கடைசி ஆட்டம் 28-20. அப்புறம் இடித்தார்கள், கடை வந்தது.

இதெல்லாம் எனக்கு முதலில் தெரியாது. என்னோடு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் விகன்காரர், சின்ன வயதிலிருந்தே அந்த மைதானத்தில் நின்று ஆட்டம் பார்த்தவர். சாமான் வாங்க அங்கே போகிறேன் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவரே கூட வந்துவிட்டார். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டே அவர் சொன்னதும், அன்றிலிருந்து நான் தேடித் தேடிப் படித்ததும் சேர்ந்துதான் இந்த விமர்சனம்.

ரக்பியில் இரண்டு வகை உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் அதிகம். சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடுகட்டக் கொஞ்சம் பணம் தருகிறோம் என்று வடக்கத்திய கிளப்புகள் கேட்டன, ஆட்டத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்று ரக்பியை நடத்திவந்த சங்கம் மறுத்துவிட்டது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்பீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிப் பிரிந்துபோன கிளப்புகளில் விகனும் ஒன்று. அந்தப் பிரிவுதான் பிற்பாடு ரக்பி லீக் ஆனது, பழைய சங்கத்தோடு நின்றது ரக்பி யூனியன். லீக்கில் இன்று ஒரு பக்கத்துக்கு 13 பேர் ஆடுகிறார்கள். ஒரு நாள் கூலிக்காகப் பிறந்த விளையாட்டு இது. அதனாலேயே எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

அந்த விளையாட்டின் முதல் சர்வதேச ஆட்டம் நடந்ததும் இதே இடத்தில்தான், 1904 ஏப்ரல் 5. இங்கிலாந்தை எதிர்த்து ஆடியது 'பிற நாட்டவர்' என்று பெயரிட்ட ஓர் அணி, வேல்ஸ்காரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் சேர்ந்தது. இங்கிலாந்து 3-9 என்று தோற்றது. அங்கே பிஸ்கட் அடுக்கியிருந்த வரிசையில் நின்றபடி பெரியவர் இதைச் சொன்னபோது நான் கையில் எடுத்த பாக்கெட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

கூட்டத்தையும் சொல்ல வேண்டும். 1959 மார்ச் 27, புனித வெள்ளி, எதிரே பக்கத்து ஊர்ப் பகையாளி செயின்ட் ஹெலன்ஸ். அன்று வந்தவர்கள் 47,747 பேர். அந்த மைதானத்தில் அதற்குமேல் கூட்டம் கூடியதே இல்லை. கடையின் கார் நிறுத்துமிடத்தில் நின்று அத்தனை தலைகளை நினைத்துப் பாருங்கள், தோளோடு தோள் உரசி நின்றிருப்பார்கள்.

பெரியவர் நேரில் பார்த்ததில் அவருக்கு மறக்காதது 1987 அக்டோபர் 7. ஆஸ்திரேலியாவின் சாம்பியன் மேன்லி அணி விகனோடு மோத வந்தது. ஒரு ட்ரைகூட விழவில்லை, அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து யாரும் புள்ளி எடுக்கவில்லை, வெறும் பெனால்டி உதைகளிலேயே 8-2 என்று விகன் ஜெயித்தது. விகனின் டேவிட் ஸ்டீபன்சன் நான்கு உதைகளைக் கோல் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினார். ட்ரை இல்லாத ஆட்டத்தில் என்ன சுவாரசியம் என்று கேட்டேன். அன்று தூங்கவே இல்லை என்றார். அதற்கு அடுத்த வருடமான 1988 முதல் 1995 வரை, ரக்பி லீக்கின் நாக்-அவுட் போட்டியான சேலஞ்ச் கோப்பையைத் தொடர்ந்து எட்டு முறை வென்ற அணி அது.

பில்லி பாஸ்டன் பெயரைச் சொல்லாமல் விகனைப் பற்றி எழுதக் கூடாது. வேல்ஸில் கார்டிப் துறைமுகத்தை ஒட்டிய டைகர் பே பகுதியில் பிறந்தவர், அப்பா சியரா லியோனிலிருந்து வந்தவர். 1953-இல் 3,000 பவுண்டு கொடுத்து விகன் அவரை எடுத்தது. விகனுக்காக 488 ஆட்டம், 478 ட்ரை. மறுவருடமே பிரிட்டன் அணியோடு ஆஸ்திரேலியப் பயணம் போனார், அந்தப் பயண அணியில் இடம்பெற்ற முதல் கறுப்பின வீரர் அவர். 1957 உலகக் கோப்பை முடிந்து திரும்பும் வழியில் அணி தென்னாப்பிரிக்காவில் காட்சி ஆட்டம் ஆடப் போனது. நிறவெறிச் சட்டம் இருந்த நாடு, பாஸ்டனை ஆட விடமாட்டார்கள், அவர் தனியாக ஊர் திரும்பினார். கூட ஆடியவர்கள் அங்கே இறங்கி ஆடினார்கள் என்பதை என்னால் இன்றுகூடச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. ஆடி ஓய்ந்தபின் அவர் விகனிலேயே தங்கி, மைதானத்துக்குப் பக்கத்தில் கிரிஃபின் என்ற பப்பை நடத்தினார். 2025-இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. ரக்பி லீக்கிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள். அப்போது அவருக்கு வயது 90.

சரி, இத்தனை ஜெயித்த கிளப் ஏன் மண்ணை விற்றது? கோப்பை நிறைய வந்தது, செலவும் அதேபோல ஏறியது. 1996-இல் சூப்பர் லீக் என்ற புதிய முதல்நிலைப் போட்டி வந்து கோடைக்கால ஆட்டமாக மாறியது, முழுநேர வீரர்களின் சம்பளம் கூடியது, ரசிகர்கள் நின்று பார்த்த பழைய படிக்கட்டுகளைக் காலத்துக்கேற்ப மாற்றவும் பணம் வேண்டும். ரசிகர்கள் எதிர்த்தார்கள், ஆனாலும் விற்பனை நடந்தது. ராபின் பார்க் பக்கம் கட்டிய 25,000 பேர் உட்காரும் புது ஸ்டேடியத்துக்கு, கால்பந்து கிளப்போடு பங்கு போட்டுக்கொண்டு, போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஆடிய முதல் ஆட்டத்திலேயே காஸில்ஃபோர்டு அணியிடம் தோல்வி. கடன் கழுத்தை நெரிக்கும்போது விற்பதைத் தவிர வழி இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் 97 வருட மண்ணை முழுசாகக் கொடுக்காமல், மைதானத்தின் ஒரு மூலையையாவது புல்லோடு விட்டுவைத்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். உள்ளே நின்றால் எந்தத் திசையில் கம்பம் இருந்தது என்று புதிதாக வருபவருக்குத் தெரிய வழியில்லை.

அதனால் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முடிந்தால் ஊர்க்காரர் ஒருவரோடு போங்கள், ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். போகும் வழியில் டவுனில் ஒரு பேக்கரியில் பை (pie), அதாவது மாவுக்குள் கறியோ காயோ வைத்துச் சுட்டது, வாங்கிச் சாப்பிடுங்கள். விகன்காரர்களுக்குப் 'பை தின்னிகள்' என்றே பட்டப்பெயர், பையை அப்படியே பன்னுக்குள் வைத்துத் தருவார்கள், ஒன்று தின்றாலே வயிறு நிறைந்துவிடும். சிவப்பு டப்பாவில் வரும் அங்கிள் ஜோஸ் மின்ட் பால்ஸ் மிட்டாயும் இந்த ஊர்ச் சரக்குதான். அப்புறம் பிலீவ் சதுக்கத்தில் பந்தோடு ஓடும் பில்லி பாஸ்டன் சிலையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து கடைக்கு நடந்து வாருங்கள்.

நாங்கள் அன்று சாமானெல்லாம் காரில் ஏற்றியபின் பெரியவர் உடனே ஏறவில்லை. டக்ளஸ் ஆறு ஓடும் பக்கமாகக் கையை நீட்டி, அப்பா என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நின்ற இடம் அங்கேதான் எங்கேயோ, என்றார். தோராயமாகச் சில அடி எடுத்து வைத்து, ஒரு வெள்ளைக் காருக்கும் தள்ளுவண்டி நிறுத்தும் கூண்டுக்கும் நடுவே போய் நின்றார்.