படம் தெளிவு, வர்ணனைதான் உறுத்துகிறது

மூன்று மாதமாக இந்த விளையாட்டு ஆப்பில்தான் டென்னிஸ் பார்க்கிறேன். படம் தெளிவாக இருக்கிறது, நடுவில் நிற்பதில்லை. வர்ணனைதான் உறுத்துகிறது. ஆண் ஒருவர் மட்டையைத் தரையில் அடித்து உடைத்தால் 'ஜெயிக்கும் வெறி' என்கிறார்கள், அதையே ஒரு பெண் செய்தால், அதுவும் கறுப்பினப் பெண்ணாக இருந்துவிட்டால், குரலே மாறிவிடுகிறது. 2018 அமெரிக்க ஓபன் இறுதிப்போட்டித் தொகுப்பில் அமெரிக்காவின் கறுப்பின வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் நடுவரிடம் வாதாடும் முகம்தான் திரும்பத் திரும்ப வருகிறது, 6-2, 6-4 என்று ஜெயித்த ஜப்பான் வீராங்கனை நவோமி ஒசாகாவின் ஆட்டத்துக்குச் சில நொடிதான். பரிசளிப்பில் அந்த 20 வயதுப் பெண் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்து அழுதது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அப்புறம், வர்ணனையை அணைத்துவிட்டு அரங்கச் சத்தத்தோடு மட்டும் பார்க்கும் வசதி உண்டு, அதற்காகத்தான் ஐந்துக்கு மூன்று தருகிறேன்.