பழைய மரப்படகின் உலோகங்கள்: ஒன்றாக இணைப்பதா, தனித்தனியே விடுவதா?

கடல்நீரில் மூழ்கியிருக்கும் இரண்டு வேறு உலோகங்களைக் கம்பியால் இணைத்தால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடுகிறது. எளிதில் கரையக்கூடியது கரைகிறது, மற்றது பிழைத்துக்கொள்கிறது. பிரிட்டிஷ் கடற்படை 1760-களிலேயே இதற்கு விலை கொடுத்தது. எச்எம்எஸ் அலாரம் கப்பலின் அடியில் செப்புத் தகடு பொருத்தியபோது, செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. தகட்டைச் சுற்றி வந்த காகிதம் இடையில் தங்கிவிட்ட இடங்களில் மட்டும் ஆணிகள் உறுதியாக இருந்தன. 1824-இல் ஹம்ப்ரி டேவி எதிர்வழியில் போனார்: துத்தநாகத்தையோ இரும்பையோ வேண்டுமென்றே செம்போடு இணைத்தார். செம்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் செம்பு சிறிது சிறிதாகக் கரைந்தால்தான் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்கும். கரைவது நின்றதும் கப்பல்களின் அடியில் அவை அப்பிக்கொண்டன.

பழைய மரப்படகு வைத்திருப்பவர்கள் இன்றும் உலோகங்களைத் தனித்தனியே விடுவது, இணைப்பது என்ற இந்த இரண்டு வழிகளுக்கிடையில்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இணைக்கும் முறையில், படகின் அடியில் கடல்நீர் போய்வரும் துளைகளிலுள்ள வெண்கல வால்வுகள், எஞ்சின், புரப்பெல்லர் ஷாஃப்ட், சுக்கான் எல்லாவற்றையும் தடித்த பச்சைக் கம்பியால் கோத்து, படகின் வெளியே அவற்றுக்குப் பதிலாகக் கரையும் துத்தநாகக் கட்டியில் முடிக்கிறார்கள். அமெரிக்காவின் படகுத் தரநிலை அமைப்பான ஏபிஒய்சி ஏறத்தாழ 8 சதுர மில்லிமீட்டர் கம்பியைக் கேட்கிறது. இந்த முறையின் பெரிய பலம் கசிவு மின்சாரத்தைச் சமாளிப்பது. அடித்தளத்தில் தேங்கிய நீரில் பேட்டரி கம்பி ஒன்று வால்வைத் தொட்டுவிட்டால், மின்சாரம் கடல்நீர் வழியே போய் வால்வைக் கரைக்காமல் கம்பி வழியே திரும்பிவிடும். 12 வோல்ட் கசிவு, உலோக வேறுபாட்டால் வரும் அரிப்பைவிடப் பல மடங்கு வேகமானது. நல்ல வெண்கலத்தைக்கூடச் சில நாள்களில் கெடுத்துவிடும். கண்ணாடியிழைப் படகுக்கு நான் தயங்காமல் இந்த முறையைத்தான் சொல்வேன்.

மரத்தில் கதை மாறுகிறது. துத்தநாகம் கரையும்போது, பாதுகாக்கப்படும் வெண்கலத்தின் மேற்பரப்பில் காரம் உண்டாகிறது. கடல்நீரின் சோடியத்தோடு சேர்ந்து அது எரிசோடாவாகிறது. மரநார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினை எரிசோடா கரைத்துவிடும். காகித ஆலைகள் மரத்தைக் கூழாக்கக் காரத்தில் வேகவைப்பதும் இதற்காகத்தான். வால்வு பளபளவென்று புதிதுபோல இருக்கும். அதைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு பூத்திருக்கும். பொருக்கைச் சுரண்டிவிட்டு ஊசியால் குத்திப்பாருங்கள்: பலகை பஞ்சாக நார்நாராகப் பிரிந்துவரும். ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை வைத்தால் உடனே நீலமாகும். வெண்கல வால்வை மாற்றுவது அரைநாள் வேலை. அதைத் தாங்கும் பலகையை மாற்ற நல்ல தச்சர் கிடைக்க வேண்டும், பணமும் வேண்டும். எது முக்கியம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

எனவே மரப்படகில் என் வாக்கு தனித்தனியே விடுவதற்குத்தான். ரப்பர் குழாயோடு மட்டும் இணைந்திருக்கும் தரமான வெண்கல வால்வு எதன் உதவியும் இல்லாமல் பல்லாண்டு தாங்கும். ஷாஃப்டுக்கும் புரப்பெல்லருக்கும் தனியாக ஒரு துத்தநாக வளையம் போதும். ஆனால் இந்த வழி கவனத்தைக் கேட்கிறது. வெண்கலம் என்ற பெயரில் பித்தளை வந்துவிட்டால், அதில் கலந்திருக்கும் துத்தநாகம் கரைந்துபோய், இளஞ்சிவப்பாக, தட்டினால் நொறுங்கும் உலோகம்தான் மிஞ்சும். மின்கம்பிகள் அடித்தள நீருக்கு மேலேயே ஓட வேண்டும்.

ஏற்கெனவே இணைத்திருந்தால் அவசரப்பட்டு அறுக்க வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள். ஒப்பிட்டு அளக்க உதவும் வெள்ளி குளோரைடு மின்வாயைக் கடலில் தொங்கவிட்டு மீட்டரில் உலோகத்தின் மின்னழுத்தத்தைப் பார்த்தால், பாதுகாப்பில்லாத நிலையிலிருந்து 200 மில்லிவோல்ட் எதிர்ம (மைனஸ்) பக்கம் நகர்ந்திருந்தாலே போதுமானது. அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தால் துத்தநாகத்தைக் குறையுங்கள். அரிப்பு என்றாலே இன்னொரு கட்டியைச் சேர்க்கும் பழக்கம்தான் பல மரப்படகுகளைக் கெடுத்திருக்கிறது. துருப்பிடித்த முனைகளோடு பாதி இணைந்தும் பாதி அறுந்தும் கிடக்கும் பழைய கம்பிவலையை அப்படியே விடுவது எல்லாவற்றையும்விட மோசம்.

துத்தநாகமா, அலுமினியமா என்ற கேள்விக்கு மரப்படகில் நீண்ட விவாதம் தேவையில்லை. அலுமினியக் கட்டி ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 2500 ஆம்பியர்-மணி தரும், துத்தநாகம் 780 மட்டுமே. ஆனால் அலுமினியத்தின் இழுப்பு சற்று வலுவானது, மரத்துக்கு அது வேண்டாம். மக்னீசியத்தைக் கடல்நீரில் நினைக்கவே கூடாது.

துறைமுகத்தில் கரை மின்சாரம் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. கரையின் எர்த் கம்பி உங்கள் உலோகத்தைப் பக்கத்துப் படகின் உலோகத்தோடு இணைத்துவிடுகிறது. அவர் கட்டி கரைந்துவிட்டால் உங்களுடையது அவருக்கும் சேர்த்துக் கரையும். எர்த் கம்பியில் பொருத்தும் டயோடு தடுப்பான் மலிவு, இப்படி உலோகங்களுக்கிடையே ஓடும் மின்சாரத்தை ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் வரை தடுக்கும். தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் கனமானது, விலை அதிகம், ஆனால் கரையோடு உலோகத் தொடர்பையே அறுத்துவிடும். இரண்டுக்கும் பணமில்லை என்று எர்த் கம்பியை வெட்டிவிடாதீர்கள்: பழுதான ஒரு கருவி போதும், படகில் இருப்பவரும் அருகில் நீந்துபவரும் உயிரிழக்கக்கூடும். தேவையில்லாத நேரத்தில் கரை மின்சாரத்தின் பிளக்கைப் பிடுங்கிவைக்கலாம், அதற்குச் செலவே இல்லை.