பயந்த நாய்க்கு மூன்று பட்டை ஹார்னஸ்: குன்னூர் மலைச் சரிவில் தாங்குமா?

காப்பகத்திலிருந்து பயந்த சுபாவமுள்ள நாயைத் தத்தெடுக்கிறீர்கள் என்றால், முதல் செலவு கழுத்து, மார்பு, இடுப்பு மூன்றையும் சுற்றி மாட்டும் மூன்று பட்டை ஹார்னஸாக இருக்கட்டும். படுக்கைக்குப் பழைய கம்பளி போதும். குன்னூர், கோத்தகிரி பக்கம் கேட்டைத் தாண்டினால் தேயிலை, அதைத் தாண்டினால் சோலை. கழன்று ஓடிய நாயை அங்கே தேடிப் பிடிப்பது லேசில்லை. இருட்டினால் சிறுத்தை பயமும் சேர்ந்துகொள்ளும்.

பயந்த நாய் முன்னால் இழுத்துத் தப்பிப்பதில்லை. பஸ் ஹாரன் கேட்டதும் நின்று, தலையைத் தாழ்த்தி, பின்பக்கமாக இழுக்கும். நம் நாட்டு நாய்களில் பலவற்றுக்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன். சாதாரண காலர் காதைத் தாண்டி வழுக்கிவிடும். கழுத்துக்கும் மார்புக்கும் மட்டும் பட்டை உள்ள ஹார்னஸ், சட்டை கழற்றுவதுபோல முன்னங்கால் வழியே வந்துவிடும். மூன்றாவது பட்டை கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பு ஒடுங்கும் இடத்தில் உட்காருகிறது. நாய் பின்வாங்கினால் அகன்ற விலாக்கூட்டைத் தாண்டி அது வராது. கூடுதல் காசு கொடுப்பது இந்த ஒன்றுக்காகத்தான்.

அளவெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, கடைசி விலாவை ஒட்டி இடுப்புச் சுற்றளவு, இரண்டும் வேண்டும். எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பட்டைக்குள் இரண்டு விரல் படுக்கையாக நுழைய வேண்டும். மெலிந்து வந்த நாய்க்கு இடுப்புப் பட்டை கடைசி வரை இறுக்கியும் தொளதொளவென்று நிற்கும். கடைவீதியில் பை தைப்பவரிடம் கொடுத்து, நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டுச் சுருக்கிக்கொள்ளலாம். வெட்டிவிட வேண்டாம், உடம்பு தேறத் தேற பிரிக்க வேண்டிவரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவைச் சரிபாருங்கள்.

போட்டுப் பழக்க ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். நாயை மிரட்டுவது பெரும்பாலும் கிளிப் மூடும் 'டிக்' சத்தம். முதலில் நாலடி தள்ளி, உள்ளங்கைக்குள் பொத்தி மூடுங்கள். சத்தம் கேட்டவுடன் வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. உப்பு, மசாலா கூடாது. பத்துப் பதினைந்து முறை ஆனதும் சத்தம் கேட்டாலே காது உங்கள் பக்கம் திரும்பும். அதன் பிறகுதான் தலையை நுழைப்பது, அடுத்து மார்பு, கடைசியில் இடுப்பு. போட்டதும் சிலைபோல நின்றால் பழகிவிட்டது என்று நினைக்காதீர்கள். உதட்டை நக்குவது, கொட்டாவி, கண்ணின் வெள்ளை தெரிவது எல்லாம் பயம். ஒரு படி பின்னால் போங்கள்.

இந்தப் பொருளின் பெரிய குறை மலை ஈரம். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், நனைந்த பட்டையும் உள்ளே வைத்துத் தைத்த மெத்தையும் ஒரே நாளில் காயாது. ஈரத்தோடு போட்டால் அக்குளில் தோல் சிவந்து, முடி உதிர்ந்து, புண்ணாகும். முடிந்தால் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். நனைந்த நைலான் அட்ஜஸ்டரில் நழுவுவதும் உண்டு. கிளம்பும் முன் ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பாருங்கள். மசினகுடி பக்கம் வெயில் காலத்தில் பட்டைக்கு அடியில் உண்ணி ஒண்டியிருக்கும், தினமும் தடவிப் பார்க்க வேண்டும்.

கயிறு இரண்டு: ஒன்று ஹார்னஸின் முதுகு வளையத்தில், மற்றொன்று மார்ட்டிங்கேல் காலரில், அதாவது இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் காலரில். மார்ட்டிங்கேல் காலரை வீட்டுக்குள் கழற்றிவிடுங்கள், எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். தானாகச் சுருளும் கயிறு வேண்டவே வேண்டாம். கை நழுவினால் அந்தப் பிளாஸ்டிக் பிடி பின்னாலேயே தடதடவென்று துரத்தி, பயந்த நாயை இன்னும் ஓட வைக்கும். காட்டெருமை எதிரில் வந்தால் மிரண்ட நாய் சரிவில் உங்களையும் இழுத்துவிடும் என்பதால், கயிற்றை இடுப்பில் கட்டாதீர்கள்.

இவ்வளவும் செய்து, கிளிப் உடைந்து ஓடிவிட்டால்? கூப்பிட்டுக்கொண்டே துரத்தாதீர்கள், பயந்த நாய்க்கு நீங்களும் துரத்துகிற ஆள்தான். அது கண்ணில் பட்டால் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொள்ளுங்கள். படுத்திருந்த கம்பளியைக் கழன்ற இடத்திலேயே போட்டு, வீட்டு ஆள் ஒருவர் மட்டும் பகலில் காத்திருக்கலாம். சாப்பாட்டை ராத்திரி வெளியே வைக்காதீர்கள், கரடி வரும்.