தரைக்கு எது? டைல்ஸ், கிரானைட், மார்பிள், மரம்

வீட்டை விற்கும் எண்ணம் வந்துவிட்டால் எல்லோரும் முதலில் பெயின்ட்தான் அடிப்பார்கள். சரிதான். செலவு குறைவு, பலன் உடனே கண்ணில் தெரியும், அதில் அலசுவதற்கு ஒன்றுமில்லை. அலமாரி, குழாய், விளக்கு இவற்றையெல்லாம் வாங்குகிறவர் குடிவந்த பிறகு தன் இஷ்டப்படி மாற்றிக்கொள்வார். தரையை அப்படி மாற்ற முடியாது. சாமான்களோடு குடியேறிய பிறகு தரையைப் பெயர்ப்பதென்றால் வீட்டையே காலி செய்ய வேண்டும். அதனால் பார்க்க வருகிறவர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேதான் நடப்பார்.

எங்கள் வீட்டுத் தரையை மாற்றியபோது நான்கையுமே யோசித்தோம். கடைசியில் போட்டது விட்ரிஃபைட் டைல்ஸ், அதாவது தண்ணீரை அநேகமாக உறிஞ்சாத அளவுக்குச் சுட்டு இறுக்கிய டைல்ஸ். ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அழகில் மார்பிளுக்கு ஈடு இல்லை. வழுக்கலைப் பொறுத்தவரை, பளபளவென்று பாலிஷ் போட்ட எதுவுமே ஈரத்தில் காலை வாரிவிடும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மேட் ஃபினிஷ்தான் நல்லது. குளிர்ச்சி, சத்தம் எல்லாம் அவரவர் ரசனை. என் முடிவு ஒரே கேள்வியில் நின்றது: பத்து வருஷம் கழித்து இந்தத் தரையில் கறை பட்டால், ஓரிடத்தில் உடைந்தால், சரிசெய்தது தெரியாமல் சரிசெய்ய முடியுமா? விற்கும் நாளில் விலையைக் குறைத்துப் பேச வாய்ப்புக் கொடுப்பது பழைய தரை அல்ல, ஒட்டுப்போட்ட தரை.

மார்பிளை எடுத்துக்கொள்வோம். அது கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு சொட்டு விழுந்தால் போதும், அமிலம் மேற்பரப்பை அரித்து மங்கிய வட்டம் ஒன்றை விட்டுவிடும். சீலர் என்ற காப்புப் பூச்சு அடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். சீலர் கல்லுக்குள் எண்ணெயும் காபியும் இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அமில அரிப்பை அது தடுக்காது. கடினத்தன்மையிலும், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவுகோலில் மார்பிளின் முக்கியக் கனிமமான கால்சைட்டுக்கு 3தான். செருப்பில் ஒட்டி வரும் மணலில் இருக்கும் குவார்ட்ஸுக்கு 7. நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் பளபளப்பு போவது இதனால்தான். மார்பிளுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: மறுபடி தேய்த்துப் பாலிஷ் போட்டால் புதிதுபோல் ஆகிவிடும். அந்த வேலையை விடாமல் செய்ய ஆள் இருக்கிற வீட்டுக்கு அது பொருந்தும்.

கிரானைட்டைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்ந்த கல், கடினத்தன்மை 6 முதல் 7 வரை, வீட்டு அமிலங்களுக்கு அசையாது. எங்களைத் தடுத்தது எடை. 20 மில்லிமீட்டர் கனமுள்ள கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோவைத் தாண்டும். 10 மில்லிமீட்டர் டைல் அதில் பாதிகூட வராது. மாடியில், பழைய தளத்தின் மேல் போடுகிறவர்கள் இதைப் பொறியாளரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. தரைத்தளம் மட்டும் என்றிருந்தால் நானே கிரானைட் பக்கம் சாய்ந்திருப்பேன்.

மரத்தரையைப் பற்றி நான் சொல்வது தெரிந்தவர்கள் வீடுகளில் பார்த்ததை வைத்துத்தான், வாழ்ந்து பார்த்ததில்லை. லாமினேட் என்பது மரத்தூள் பலகையின் மேல் அச்சடித்த படலம். இணைப்புகளில் தண்ணீர் இறங்கினால் விளிம்பு உப்பிவிடும். உப்பியது இறங்காது, தேய்க்கவும் முடியாது. எஞ்சினியர்டு வுட்டில் மேலே உண்மையான மர அடுக்கு இருப்பதால், அது கனமாக இருந்தால் மறுபடி தேய்த்து மெருகேற்றலாம். தண்ணீர் ஊற்றித் துடைக்கிற பழக்கம் உள்ள வீட்டுக்கு இரண்டுமே சரிவராது.

இனி டைல்ஸ். உடைந்த டைலைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, பெயர்த்து வேறு போட வேண்டும். என் கேள்வியின்படி பார்த்தால் இதுதான் முதலில் கழிந்திருக்க வேண்டும். ஆனால் வாங்கும் நாளிலேயே அதற்கு ஏற்பாடு செய்துவிடலாம். கல்லில் அது அவ்வளவு எளிதல்ல. பத்து வருஷம் கழித்து அதே குவாரியிலேயே வெட்டினாலும் நிறமும் புள்ளியும் பொருந்துவது அபூர்வம். டைல் பெட்டியின் மேல் ஷேட் எண்ணும் பேட்ச் எண்ணும் அச்சிட்டிருக்கும். எல்லாப் பெட்டியிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பார்த்து, வெட்டுச் சேதத்துக்குப் போக இரண்டு பெட்டியைத் தனியாக எடுத்து வைத்தோம். வீட்டை விற்றால் சாவியோடு அந்தப் பெட்டிகளும் போகும். மாடல் ஒரு சில வருஷத்தில் கடையிலிருந்து மறைந்துவிடும் என்பதால் பிறகு தேடுவதில் பயனில்லை.

வகையிலும் கவனம் வேண்டும். கிளேஸ்டு விட்ரிஃபைடில் டிசைன் மெல்லிய மேல்படலத்தில் மட்டும் இருக்கும். விளிம்பு பெயர்ந்தால் உள்ளே வேறு நிறம் பல்லிளிக்கும். டபுள் சார்ஜில் நிற அடுக்கு சில மில்லிமீட்டர் கனம். ஃபுல் பாடியில் அடிவரை ஒரே நிறம். டிசைன் குறைவு, சொல்லப்போனால் சலிப்பூட்டும் அளவுக்குக் குறைவு. ஆனால் விற்கும்போது அந்தச் சலிப்பே உதவும்: நடுத்தரமான சாம்பலோ மணல் நிறமோ யாரையும் முகம் சுளிக்க வைக்காது. நீர் உறிஞ்சுதல் 0.5 சதவீதத்துக்குள் என்று பெட்டியில் இருந்தால் உண்மையான விட்ரிஃபைட்.

டைல் எவ்வளவு நல்லதானாலும் போடுகிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது. நான்கு மூலையில் நான்கு உருண்டை கலவை வைத்து அமுக்கிவிட்டுப் போவார்கள். நடுவில் காற்று நிற்கும், கனமான பொருள் விழுந்தால் அங்கேதான் விரிசல் விடும். பல் கரண்டியால் பசையை வரிவரியாக இழுத்துவிட்டு அழுத்த வேண்டும். உலர்ந்த இடத்தில் குறைந்தது 80 சதவீதம், ஈரப் பகுதியில் 95 சதவீதம் பசை பிடித்திருக்க வேண்டும். வேலை நடக்கும்போதே போட்ட டைல் ஒன்றைத் தூக்கிப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை இருந்தால் சரி. காய்ந்த பிறகு நாணயத்தால் தட்டினால் நிறைந்த டைல் 'டக்'கென்று கட்டையாக ஒலிக்கும், வெற்றிடம் உள்ளது 'டொக்'கென்று எதிரொலிக்கும். வீடு பார்க்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர் இப்படித் தட்டிப் பார்ப்பதுண்டு.

டைல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அடைக்க எபாக்ஸி கிரவுட், அதாவது பிசின் வகைக் கலவை போட்டோம். சிமென்ட் கிரவுட்டைவிடச் செலவு அதிகம், பூசுவதும் சிரமம். காய்வதற்குள் துடைக்காவிட்டால் டைல் மேல் படலம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அழுக்கை உறிஞ்சாது. பழைய வீட்டுத் தரையை உற்றுப் பாருங்கள், டைல் நன்றாகத்தான் இருக்கும். கறுத்துப்போன கோடுகள்தான் வயசைக் காட்டும்.

பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே போடலாமா என்பார்கள். அடித்தரை உறுதியாக இருந்தால் போடலாம், ஆனால் தரைமட்டம் ஏறும், எல்லாக் கதவின் அடியையும் அறுக்க வேண்டும், குளியலறை வாசலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதும் மாறும். உங்கள் வீட்டில் இருப்பதே ஆடாத, விரிசலில்லாத பழைய கல் தரை என்றால் நான் சொன்னது எதுவும் வேண்டாம். பாலிஷ்காரரைக் கூப்பிட்டு ஒரு மூலையில் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள்.