கடைசி மூன்று கிலோ: பேலியோவா, விரதமா, நடையா, டம்பெல்லா?

முதல் பத்து கிலோவைக் குறைக்க ஏறக்குறைய எந்த வழியும் உதவும். சாயங்கால பஜ்ஜியையும் ராத்திரி மூன்றாவது பரோட்டாவையும் நிறுத்தினாலே எடை இறங்க ஆரம்பித்துவிடும். 78 கிலோவில் தொடங்கி 68-க்கு வந்துவிட்டவர், 65-ஐத் தொட முடியாமல் மாதக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும்போதுதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. அப்போது ஆளுக்கொரு யோசனை வரும். பேலியோவுக்கு மாறு, அரிசியை அடியோடு விடு என்பார் ஒருவர். பதினாறு மணி நேரம் சாப்பிடாதே என்பார் இன்னொருவர். பூங்காவில் இன்னும் நாலு ரவுண்டு சேர்த்து நட, இல்லையென்றால் ஜிம்முக்குப் போ என்பார்கள் மற்றவர்கள்.

நாலுமே எடை குறைக்கும் வழிகள்தான். ஆனால் கடைசி மூன்று கிலோவுக்கு நாலும் ஒன்றல்ல. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சாப்பாட்டில் தினமும் 250 கலோரி அளவுக்குச் சின்ன வெட்டு, தட்டில் புரதம் கூடுதல், வாரத்தில் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி. இதுவே மற்ற மூன்றையும் விட மேல். ஏன் என்று பார்ப்போம்.

எடை ஏன் நின்றுபோகிறது என்பது புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 78 கிலோ உடம்பைச் சுமப்பதற்கு ஆகும் செலவை விட 68 கிலோ உடம்புக்குச் செலவு குறைவு. சும்மா உட்கார்ந்திருந்தால்கூடக் கிலோவுக்குப் பத்து கலோரி என்ற கணக்கில் தினமும் நூறு கலோரி அளவுக்குச் செலவு குறைந்திருக்கும். நடக்கும்போதும் படி ஏறும்போதும் குறைவது அது போக. அதற்கும் மேலே, எடை இறங்க இறங்க உடம்பு கொஞ்சம் சிக்கனமாகவும் மாறிக்கொள்கிறது. அமெரிக்காவில் எடை குறைக்கும் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். 2016-ல் வெளிவந்த அந்த ஆய்வில், அவர்களின் ஓய்வுநேரக் கலோரிச் செலவு எதிர்பார்த்ததை விடத் தினமும் 500 அளவுக்குக் குறைவாக இருந்தது. அவர்கள் மிகக் கடுமையாக எடை குறைத்தவர்கள். நமக்கு அவ்வளவு ஆகாது. ஆனாலும் திசை அதுதான். ஆரம்பத்தில் 500 கலோரி பற்றாக்குறை தந்த அதே சாப்பாடு, இன்று 200 தந்தாலே பெரிது.

அந்த 200-ம் கைதவறிப் போவது சுலபம். 1992-ல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு இதில் முக்கியமானது. எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களைச் சோதித்தபோது, அவர்கள் உடம்பின் கலோரிச் செலவு சரியாகவே இருந்தது. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் கணக்குச் சொல்லியிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கண்ணளவு அப்படித்தான் ஏமாற்றும்.

இன்னொரு கணக்கு. ஒரு கிலோ கொழுப்பு என்றால் தோராயமாக 7,700 கலோரி. மூன்று கிலோவுக்கு 23,000. தினமும் 250 கலோரி குறைத்தால் மூன்று மாதம் பிடிக்கும். வாரத்துக்கு இறங்குவது கால் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. கல்யாண வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டு, ஊறுகாயும் அப்பளமும் சேர்த்துக்கொண்டால் மறுநாள் காலையில் உப்போடு நிற்கும் தண்ணீரே ஒரு கிலோ ஏற்றிக் காட்டும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் இப்படித்தான். கால் கிலோ இறக்கம் ஒரு கிலோ ஏற்ற இறக்கத்துக்குள் காணாமல் போகிறது. உண்மையில் குறைந்துகொண்டிருக்கும்போதே, குறையவில்லை என்று நினைத்து நிறையப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் வருத்தமான விஷயம்.

பேலியோவும் விரதமும்

பேலியோவுக்குத் தமிழ்நாட்டில் ஒரு நியாயமான இடம் உண்டு. சோற்றை மலையாகக் குவித்து, தொட்டுக்கொள்ள இரண்டு கரண்டி பொரியல் வைத்துச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு, முட்டையையும் கறியையும் மீனையும் தட்டின் நடுவுக்குக் கொண்டுவந்தது அது. பிஸ்கட், மிக்சர், சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியேற்றுகிறது. அதனால் பசி அடங்குகிறது. பத்து, இருபது கிலோ குறைத்தவர்கள் அதில் இருக்கிறார்கள்.

கடைசி மூன்று கிலோவில் அது காட்டும் வேகம் மட்டும் நம்பத்தக்கதல்ல. மாவுச்சத்தை நிறுத்தியதும் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்திருக்கும் மாவுச்சத்து கரைகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் இருக்கும், அதுவும் போகிறது. பத்தே நாளில் இரண்டு கிலோ இறங்கி 66 என்று மெஷின் காட்டும். இடுப்பை அளந்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, அடுத்த நாள் இட்லி என்று வந்ததும் அந்த இரண்டு கிலோ திரும்பி வந்துவிடும். வந்தது கொழுப்பு என்று நினைத்து மனமுடைந்துபோவார்கள், வந்தது தண்ணீர்.

நீண்ட கால ஒப்பீட்டிலும் பெரிய வெற்றி இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இறங்கினார்கள். பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இல்லை.

நம்மூர் பேலியோவில் காலை உணவாக நூறு பாதாம் சொல்வார்கள் அல்லவா, அதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நூறு பாதாம் என்பது 120 கிராம் வரும். கலோரி கிட்டத்தட்ட 700. நூறு கிலோ எடையில் இருப்பவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. 68 கிலோவில், ஒரு நாளைக்கே 1,500 கலோரிக்குள் நிற்க வேண்டியவருக்கு அது பாதி நாள். சைவம் சாப்பிடுகிறவர்கள் பாதாம், பனீர், தேங்காய், நெய் என்று சுற்றும்போது பேலியோவை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தும் எடை நின்றுபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விரதத்துக்கு வருவோம். பதினாறு மணி நேரம் சாப்பிடாமல், எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்வது. அமெரிக்காவில் 116 பேரிடம் 12 வாரம் செய்து பார்த்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் சாப்பிட்டவர்களுக்கும் மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கும் எடையில் பெரிய வித்தியாசம் வரவில்லை. உடலமைப்பு நேரில் அளக்கப்பட்டவர்களில், விரதக்காரர்கள் இழந்த எடையில் பாதிக்கு மேல் தசை போன்ற கொழுப்பல்லாத பகுதி என்பதுதான் கவலை தந்த செய்தி. சீனாவின் குவாங்சோவில் 139 பேர். 2022-ல் வந்த முடிவு. எல்லோருக்கும் ஒரே அளவு கலோரி வெட்டு, பாதிப் பேருக்கு மட்டும் காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை என்ற நேரக் கட்டுப்பாடு. ஒரு வருடம் கழித்து 8 கிலோவும் 6.3 கிலோவும் குறைந்திருந்தன. புள்ளியியல்படி இரண்டும் ஒன்று என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு வகை ஆளுக்கு விரதம் உண்மையிலேயே நல்லது. பகலெல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டு, ராத்திரி சீரியல் பார்க்கும்போது முறுக்கு டப்பாவைத் திறக்கிறவருக்கு "ஏழு மணிக்கு மேல் வாய் கட்டு" என்ற ஒற்றை விதி பெரிய உதவி. எண்ண வேண்டாம், அளக்க வேண்டாம். காலை டிபனை விட்டுவிட்டு மத்தியானம் ரெண்டு மடங்கு சோறு போட்டுக்கொள்கிறவருக்கு ஒன்றும் நடக்காது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. சர்க்கரை சட்டென்று கீழே இறங்கிவிடும்.

நடை

நடையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் அது செய்யும் நன்மை பெரியது. ஆனால் முக்கால் மணி நேரத்தில் நாலு கிலோமீட்டர் நடந்தால் 200 கலோரி செலவாகும், அவ்வளவுதான். பூங்கா வாசலில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் அது அங்கேயே சமன். நடையைக் கூட்டினால் மீதி நேரத்தில் நாமே அறியாமல் அசைவைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. குறைத்த எடையைக் காப்பாற்றுவதில்தான் நடை முன்னால் நிற்கிறது. பெரிய அளவில் எடை குறைத்து, அதைத் திரும்ப ஏறவிடாமல் வைத்திருப்பவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்துத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். தினமும் ஒரு மணி நேரத்துக்குப் பக்கமான உடலுழைப்பு அவர்களில் பலருக்கும் பொதுவான பழக்கம்.

என் தேர்வு

கடைசி மூன்று கிலோவில் எது போகிறது என்பதுதான் எவ்வளவு போகிறது என்பதை விட முக்கியம். உடம்பில் கொழுப்புக் குறையக் குறைய, போகிற எடையில் தசையின் பங்கு கூடும் ஆபத்து இருக்கிறது. தசை போனால் கலோரிச் செலவு இன்னும் குறையும். 65-ஐத் தொட்டாலும் தொப்பை அப்படியே தொங்கும். தசையைப் பிடித்துவைக்க எடைப் பயிற்சியும் புரதமும் வேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களுக்கு நாலு வாரம் சாப்பாட்டை 40 சதவீதம் வெட்டி, கடும் பயிற்சியும் கொடுத்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, 1.2 கிலோ கொழுப்பல்லாத எடையைக் கூட்டினார்கள். பாதி அளவு புரதம் சாப்பிட்டவர்கள் இழந்த கொழுப்பு 3.5 கிலோ. நமக்கு அவ்வளவு கடும் வெட்டும் பயிற்சியும் இல்லை, அதனால் 2.4 தேவையில்லை. 1.2 போதும்: 65 கிலோவுக்கு 78 கிராம்.

நம் சமையலறையில் இது முடியுமா? முடியும், ஆனால் தானாக நடக்காது. இரண்டு இட்லியும் தண்ணீர் சாம்பாரும் ஐந்தாறு கிராமைத் தாண்டாது. கூடவே இரண்டு முட்டை வைத்தால் 12 கிராம் சேரும். மத்தியானம் ஒரு கப் சோறு, கெட்டியாக ஒரு கப் பருப்பு, நூறு கிராம் மீன், கொஞ்சம் தயிர் என்றால் 35 கிராம். சாயங்காலம் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 13. ராத்திரி இரண்டு சப்பாத்தியும் 75 கிராம் பனீரும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 20. மீன் சாப்பிடாதவர்களுக்கு ஐம்பது கிராம் சோயா உருண்டை 26 கிராம் கொடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

அப்புறம் அந்த 250 கலோரி. அதைச் சோற்றில் தேடுவதற்கு முன் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். மாவை ஊற்றி விரித்ததும் ஓரத்தைச் சுற்றி ஒரு முறை எண்ணெய், திருப்பிப் போட்டதும் நடுவில் ஒரு முறை. ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரி. மூன்று தோசைக்கு ஆறு டீஸ்பூன் என்றால் 240. கல்லை நன்றாகப் பழக்கி, எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டு ஊற்றினால் தோசை அப்படியேதான் வரும். காபியும் அப்படி. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் ஆறு சதவீதம் கொழுப்பு, நீல பாக்கெட்டில் மூன்று. ஒரு நாளைக்கு மூன்று காபிக்கும் நீலத்துக்கு மாறி, டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரையை ஒன்றாக்கினால் 150 கலோரி வரை மிச்சம். இதற்காக யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

பயிற்சிக்கு ஜிம் கட்டாயமில்லை. ஐந்து கிலோ, எட்டு கிலோ டம்பெல் ஒரு ஜோடி, தண்டால், பஸ்கி போதும். சுவரைத் தள்ளுவதில் ஆரம்பித்து, கட்டில் விளிம்பு, பிறகு தரை என்று தண்டாலைக் கடினமாக்கிக்கொண்டே போகலாம். பத்து முறை சுலபமாக வந்துவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். கூட்டாமல் வருடக்கணக்கில் அதே இரண்டு கிலோ டம்பெல்லை ஆட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. வயிற்றுக்கென்று தனியாக நூறு தடவை எழுந்து படுப்பதால் வயிற்றுக் கொழுப்பு குறிப்பாகக் கரையாது. தூக்கத்தையும் விட்டுவிட வேண்டாம். 2010-ல் சிகாகோவில் பத்துப் பேரிடம் நடந்த சிறிய ஆய்வில், அதே கலோரிச் சாப்பாட்டோடு ஐந்தரை மணி நேரமே படுக்கையில் இருந்தபோது, எட்டரை மணி நேரம் இருந்ததை விடக் கொழுப்பிழப்பு பாதிக்கும் கீழே போனது.

இந்த வழிக்குக் குறையும் உண்டு. மெதுவானது. முதல் மாதத்தில் மெஷின் அசையாமல்கூட இருக்கலாம்; புதிதாகப் பயிற்சி செய்த தசை தண்ணீரைப் பிடித்துவைக்கும். அதனால் தினமும் காலையில் பார்த்த எடையை எழுதிவைத்து, வாரச் சராசரியை முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள். இடுப்பை மாதத்துக்கு இரண்டு முறை டேப்பால் அளக்கலாம்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல்.

அந்த டேப் சொல்வதை வைத்து, இந்த மூன்று கிலோ வேண்டுமா என்றும் யோசிக்கலாம். இந்தியர்களுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ இடுப்பளவு எல்லை. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை எண் (BMI) 23-ஐத் தாண்டினால் அதிக எடை. 165 செ.மீ உயரமுள்ளவருக்கு 68 கிலோ என்பது 25. அவர் குறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதே உயரத்தில் 61 கிலோவும் 76 செ.மீ இடுப்பும் உள்ள ஒரு பெண், கல்யாணத்துக்கு முன் இருந்த 58-ஐத் தேடி ராத்திரிச் சாப்பாட்டை விடுவதற்கு உடல்நலக் காரணம் எதுவும் இல்லை. அவருக்கு நான் சொல்வது புரதமும் டம்பெல்லும் மட்டும். அந்த 250 கலோரி வெட்டு அவருக்கு வேண்டாம்.